பால்குடம் சுமக்க வேண்டிய தலை

நான் காற்பந்து ஆடிய காலமெல்லாம் கோல் போட்டு மாலை வாங்கியவன் இல்லை. கோல் போடுகிறவனிடம் பந்தைக் கொண்டுபோய்ச் சேர்த்தவன். திடலில் என் இடம் இன்சைட் லெப்ட். அதாவது நடுவில் நிற்கிற சென்டருக்கும் இடது ஓரத்தில் ஓடுகிறவனுக்கும் இடையில். கல்யாண வீட்டில் பந்தி பரிமாறுகிறவனின் வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள். சாப்பிட்டு எழுந்தவன் சமையலைப் புகழ்வான், பெண்வீட்டாரைப் புகழ்வான், போட்ட இலையைக்கூடப் புகழ்வான். வாளி தூக்கியவன் முகம் யாருக்கு ஞாபகம் இருக்கும்? ஆனாலும் நம்மவர்கள் சும்மா சொல்லிவைக்கவில்லை, ‘பரிமாறுகிறவன் நம்மவனானால் கடைசிப் பந்தியில் உட்கார்ந்தால் என்ன’ என்று. அந்தச் சொல் எனக்கு வாயில் ரொம்ப நாளாக இருந்தது. காலில் இறங்கியது ஒரு தை மாதத்தில்தான்.

அப்போது நான் கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில் இருந்தேன். ரயில் பட்டறை ஒன்றில் இஞ்சின்களின் பித்தளைச் சாமான்களைத் தேய்த்துப் பளபளப்பாக்குவது வேலை. வேலைக்குப் பெயர் அது. உண்மையில் பட்டறைக்குப் பொறுப்பான வெள்ளைக்காரத் தொரை என்னைச் சேர்த்துக்கொண்டது என் கையைப் பார்த்தல்ல, காலைப் பார்த்து. பட்டறைக்குப் பட்டறை, ஊருக்கு ஊர் கோப்பைக்காக மோதிக்கொண்ட காலம். நன்றாக ஆடுகிறவன் எங்கே இருக்கிறான் என்று தேடி, வேலையும் வீடும் கொடுத்துக் கூட்டிவருவார்கள். ஆட்டம் உள்ள நாளில் மத்தியானத்தோடு எங்களை விட்டுவிடுவார்கள். மற்றவர்கள் முகம் சுளிப்பார்கள். “நாங்க முதுகு வளைஞ்சு சம்பாதிக்கிறோம், நீங்க உதைச்சே சம்பாதிக்கிறீங்க” என்று ஒரு பெரியவர் என்னைப் பார்க்கும்போதெல்லாம் சொல்வார். ஆட்டத்தன்று முதல் வரிசையில் துண்டை விரித்து உட்கார்ந்திருப்பவரும் அவரே.

எங்கள் சென்டர் இரும்புப் பட்டறையில் சம்மட்டி அடிக்கிறவன். என் வயதுதான். நெடிய ஆள், கதவு நிலைக்குக் குனிந்து குனிந்தே லேசாகக் கூன் விழுந்திருந்தது. அவன் போட்ட கோல்களில் பெரும்பாலானவை தலையால் போட்டவை. பந்தைத் தூக்கி அடித்தால் போதும், கூட்டத்துக்கு மேலே அந்தத் தலை எழும்பும், கோல்காரன் வலைக்குள் போய்ப் பந்தை எடுத்துவருவான். அவன் முட்டுகிற சத்தம் தேங்காய் உடைக்கிற சத்தம் போலிருக்கும். ஆகவே எங்கள் ஆட்டத்தில் யோசனை என்று ஒன்றும் கிடையாது. யாரிடம் பந்து வந்தாலும் மேலே தூக்கு, அவன் பார்த்துக்கொள்வான். நானும் அப்படித்தான் தூக்கிக்கொண்டிருந்தேன்.

அவனும் அவன் மனைவியும் என் பக்கத்து வீடு. நான் தனிக்கட்டை, சாப்பாடு அவர்கள் வீட்டில். அந்தப் பெண் வாய்க்காரி. ஆனால் அந்த வாய்க்குப் பின்னால் ஒரு பயம் இருந்தது எங்களுக்குத் தெரியும். முதல் இரண்டு பிள்ளைகளும் பிறக்கும்போதே அழாமல் பிறந்தவை. மூன்றாவது வயிற்றில் இருந்தது. மார்கழி பாதியில் ஒருநாள் சாப்பிட உட்கார்ந்தேன். தட்டில் மீன் இல்லை.

“என்ன, பாசார்ல மீன் கிடைக்கலையா?”

“உங்க கூட்டாளி விரதம் எடுத்திருக்காரு அண்ணே. தைப்பூசத்துக்குப் பத்துமலைக்குப் பால்குடம் தூக்கறதா வேண்டுதல். அதுவரைக்கும் இந்த வீட்டுல மீனும் கிடையாது, கருவாடும் கிடையாது. உங்களுக்கு வேணும்னா ரோட்டுக்கடையில போய்க் கடிச்சுட்டு வாங்க.”

“பால்குடமா? நல்லதுதான்.”

“நல்லதுதான்லா. ஆனா ஒண்ணு இருக்கு,” என்று அவன் தலையைச் சொறிந்தான்.

அந்த ஒன்று இதுதான். விரதம் இருக்கிறவன் தோல் சாமான் தொடக்கூடாது. செருப்பு போடக்கூடாது என்பது எல்லாருக்கும் தெரியும். பூட்ஸ் இல்லாமல் காலில் துணி சுற்றி ஆடுகிறவர்கள் அப்போது பாதிப் பேர், அதில் சிக்கல் இல்லை. ஆனால் பந்து? அதுவும் தோல்தானே? அவனும் நானும் கோயிலுக்குப் போய்ப் பூசை செய்கிற பண்டாரத்தைக் கேட்டோம். அவர் விபூதித் தட்டைக் கீழே வைத்துவிட்டு விசாரணை நடத்தினார்.

“பந்து எதுல செஞ்சது?”

“மாட்டுத் தோலு சாமி.”

“மாட்டுத் தோலா? பால் எதுலேர்ந்து வருது?”

“மாட்டுலேர்ந்து.”

“அந்தப் பாலை வைக்கப்போற தலையிலே அதே மாட்டோட தோலால அடி வாங்குவியா? கேக்கறதுக்கே நல்லால்லையே!”

“அப்ப காலு, சாமி?” என்று நான் கேட்டேன்.

பண்டாரம் விபூதித் தட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டார். அவரும் எங்கள் ஆட்டத்துக்கு வருகிறவர்தான். “காலு எதைத்தான் மிதிக்கலே? சாணியையும் மிதிக்குது, சந்நிதியிலயும் நிக்குது. வீட்டுக்குள்ள நுழையறப்ப கழுவிக்கிட்டாப் போதும். தலை மட்டும் பத்திரம்.”

சிரிக்கலாம். நாங்களும் திரும்பி வரும்போது சிரித்தோம். வீட்டு வாசல் வந்ததும் சிரிப்பு நின்றது. ஏனென்றால் அது ரப்பர் விலை விழுந்த காலம். தோட்டங்களில் வேலை நின்று, தகரப் பெட்டியும் பாய்ச்சுருளுமாகச் சனங்கள் கிள்ளான் துறைமுகத்துக்கு வந்து, ஊருக்குப் போகிற கப்பலுக்காகக் காத்துக் கிடந்தார்கள். அந்தக் காற்று பட்டறைக்கும் வந்துவிட்டது. ‘ஆள் குறைப்பு’ என்று காலையில் ஒருவர் சொன்னால் மாலைக்குள் அது நான்கு வாயில் நான்கு விதமாகத் திரும்பி வரும். பந்தாடுகிறவர்களைக் கூப்பிட்டுத் தொரை ஒன்றே ஒன்று சொல்லியிருந்தார்: கோப்பையை ஜெயித்துக் கொடுங்கள், உங்களை வைத்துக்கொள்ளும்படி மேலே இருக்கிறவர்களிடம் நான் பேசுகிறேன், ஆடாதவனுக்காகப் பேச எனக்கு வாய் இல்லை.

ஆட முடியாவிட்டால் வேலை போகும். வேலை போனால் வீடு போகும். வீடு போனால் கப்பல். மாதம் நிறைகிற வயிற்றோடு அந்தப் பெண் கப்பல் தளத்தில் நாள் கணக்கில் கிடக்க வேண்டும். ஏற்கெனவே இரண்டைப் பறிகொடுத்தவள். தலையால் முட்டினால் சாமி குற்றம். முட்டாவிட்டால் தொரை குற்றம். ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்பார்களே, அவனுக்கு இரண்டிலும் தலையே மாட்டியிருந்தது.

அன்று மாலை அந்தப் பெண் கைகழுவத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே என்னிடம் சொன்னாள்: “அண்ணே, இந்த மனுசன் திடல்ல இறங்கிட்டா தலை தானா எழும்பும், அவர் சொன்னா கேக்காது. பந்தை மேல தூக்காம இருக்கறது உங்க கையிலதான் இருக்கு.”

“கையிலயா? காலுலம்மா.”

“எதுலயோ! வெளையாட்டா எடுத்துக்காதீங்க. மேல தூக்காதீங்க, அவ்ளோதான்.”

தொரையிடம் விஷயத்தைச் சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். ஆள் குறைப்புக் காலத்தில் ‘என்னால் இது முடியாது’ என்ற சொல்லை யாரும் வாயில் வைத்திருக்க மாட்டார்கள். எங்கள் இடது ஓரத்தில் ஓடுகிறவர் மலாய்க்காரர், சந்தைத் தமிழ் நன்றாகப் பேசுவார். இனிப் பந்தைத் தரையோடு ஆடுவோம் என்று அவரிடம் காரணத்தைச் சொன்னபோது மறுபேச்சில்லாமல் ஒத்துக்கொண்டார். “நோன்பு மாதிரிதானே? எனக்குப் புரியும் லா. தொரைகிட்ட கழுத்து சாக்கிட் சொல்லு. கழுத்து வலின்னா யாரு தொறந்து பார்ப்பான்?”

பார்த்தார்கள். கழுத்து வலி என்றதும் தொரை அவனைப் பட்டறை மருந்துக்காரரிடம் அனுப்பினார். அவர் சுடச்சுட ஒரு பற்றுப் போட்டுவிட, பொய்யான வலிக்கு நிஜமான கொப்புளம் வந்தது. தொரையின் தமிழ் தோட்டத்தில் கற்ற தமிழ். அதில் கட்டளை மட்டும்தான் வரும். “கழுத்து நல்லா வரணும். வரலே, வேற ஆள்,” என்றார். வேற ஆள் என்றால் என்ன என்று எங்களுக்கு அகராதி தேவைப்படவில்லை.

மாலைகளில் திடலின் ஒரு மூலையில் நாங்கள் மூவரும் தரையோடு பந்தைத் தட்டிப் பழகினோம். பரிதாபமாக இருந்தது. நான் அவன் காலுக்குக் கொடுத்தால் பந்து வந்து சேரும்போது அவன் கால் வேறெங்கோ இருக்கும். ‘இந்தா’ என்று கத்திவிட்டுக் கொடுத்தால் அவனோடு எதிரியாக நிற்கிற மலாய்க்காரரும் திரும்பிவிடுவார். அவன் வானத்தையே பார்த்து ஆடிய ஆள். தரையில் வருகிற பந்து அவனுக்குக் கீழே விழுந்த காசு போல, குனிந்து தேடுவான். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதையாக நான் திடலைத் திட்டினேன், அவன் பந்தைத் திட்டினான்.

ஒருநாள் பித்தளைச் சாமான் ஒன்றைக் கொடுக்க இரும்புப் பட்டறைக்குப் போனேன். அவன் வேலையில் இருந்தான். கொல்லர் பழுத்த இரும்பை இடுக்கியில் பிடித்துக்கொண்டு, சின்னச் சுத்தியால் ஓரிடத்தில் ‘டிங்’ என்று தட்டுகிறார். அடுத்த மூச்சில் இவன் சம்மட்டி அதே இடத்தில் இறங்குகிறது. மறுபடி வேறிடத்தில் ‘டிங்’. அங்கே இறங்குகிறது. இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை, முகம் பார்க்கவில்லை. சின்னச் சுத்தி இரும்பை வளைக்காது. அதன் வேலை இடம் காட்டுவது. இவன் இடது காலை முன்வைத்து, வலது பக்கத்திலிருந்து உடம்பையே வீசி அடிக்கிறான். எத்தனையோ தடவை அந்தப் பக்கம் போயிருக்கிறேன், அன்றுதான் பார்த்தேன்.

வேலை முடிந்து வந்ததும் சொன்னேன்: “இனிமே நான் உன் காலுக்குக் கொடுக்க மாட்டேன். கத்தவும் மாட்டேன். உன் இடது காலுக்கு முன்னால ஒரு இடத்துல வைப்பேன். நீ என் மூஞ்சியைப் பார்க்காதே, இடத்தைப் பாரு.”

அவன் அந்தப் பெரிய பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். “அட மச்சான், நீ சின்னச் சுத்தின்னு முதல்லயே சொல்லக் கூடாதா? காட்டு, அடிக்கிறேன்.”

அன்றிலிருந்து வந்தது. தினமும் வரவில்லை, சில நாள் வந்தது, சில நாள் போனது. ஆனால் வந்த நாளில் அவன் வலது கால் பந்தில் இறங்குகிற சத்தத்தைக் கேட்டால் கோல்காரன் ஒதுங்கத்தான் செய்வான்.

கோப்பைக்கான கடைசி ஆட்டம் கிள்ளானில், துறைமுகத்தில் வேலை செய்கிறவர்களின் குழுவோடு. நல்ல மழை பெய்து, தூறல் விடாமலிருந்தது. ஈரத்தில் பந்து கல்லாகக் கனத்தது. தொரை குடையும் சுருட்டுமாக ஓரத்தில் நின்றார். பிரிக்பீல்ட்ஸிலிருந்து ரயிலேறி வந்த நம் சனம் ஒரு பக்கம். அவர்கள் சனம் மூன்று பக்கம்.

முதல் பாதியில் இடது ஓரத்திலிருந்து மலாய்க்காரர் உள்ளே தள்ளிய பந்து என்னிடம் வந்தது. எல்லாரும் நான் தூக்குவேன் என்று மேலே பார்த்தார்கள். நான் ஒரு தட்டு. அவன் இடது காலுக்கு முன்னால், புல் தேய்ந்த ஒரு இடத்தில். அவன் என்னைப் பார்க்கவில்லை. கோல் விழுந்த பிறகுகூட கிள்ளான்காரர்கள் வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தது போல எனக்கு ஒரு ஞாபகம். அவ்வளவு நேரம் இருந்திருக்காது, ஆனால் ஞாபகம் அப்படித்தான்.

இடைவேளைக்குப் பிறகு அவர்கள் சேற்றுத் தள்ளுமுள்ளில் ஒரு கோல் போட்டுச் சமன் செய்தார்கள். ஆட்டம் முடிகிற வேளையில் எங்களுக்கு ஒரு கார்னர் கிடைத்தது. எடுத்தவர் எங்கள் வலது ஓரத்துக்காரர். தொரையின் ஆபீஸில் எழுத்தராக இருந்தவர். தொரை காதுக்குப் போய்விடுமோ என்று அவரிடம் மட்டும் நாங்கள் விரதக் கதையைச் சொல்லியிருக்கவில்லை. பழைய வழக்கப்படி மூலையிலிருந்து அழகாகத் தூக்கி அடித்தார். அதைவிட நல்ல பந்தை அவர் வாழ்நாளில் அடித்திருக்க மாட்டார். நேராக எங்கள் சென்டரின் நெற்றிக்கு வந்தது. கோல் கம்பம் கைக்கெட்டும் தூரம். நம் சனம் முழுக்க எழுந்து “தலை! தலை!” என்று அலறியது.

அவன் குதிகால் எழும்பியதை நான் கண்ணால் பார்த்தேன். எழும்பியவன் அந்தரத்தில் மனசு மாறியது போல மடங்கினான். சேற்றில் முழங்காலிட்டு, இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டான். பந்து அவன் மேலே கடந்து வெளியே போயிற்று.

கிள்ளான்காரர்கள் பக்கத்திலிருந்து ஒருவன், “தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சுடா!” என்று கத்த, திடலே சிரித்தது. உடனே விசில் ஊதினார்கள். ஆட்டம் சமம்.

தொரை சேற்றில் இறங்கி நேராக அவனிடம் வந்தார். கழுத்துக் கதை செல்லாது என்று அவர் நடையிலேயே தெரிந்தது.

“பந்து பார்த்தே?”

“பார்த்தேன் தொரை.”

“தலை கொடுக்கலே. ஏன்?”

அவன் பொய் சொல்லப் போகிறான் என்று நினைத்தேன். முழங்காலில் சேறு வழிய நின்றவன், “இந்தத் தலையில பால் வைக்கணும் தொரை. சாமிக்கு. புள்ளைக்காக. அது முடியற வரைக்கும் தோலு படக்கூடாது,” என்றான்.

தொரைக்கு விளங்கவில்லை. எனக்குத் தெரிந்த ஓட்டை இங்கிலீஷில் நான் பாதி சொன்னேன், மலாய்க்காரர் அவரைத் துவான் என்று அழைத்து மலாயில் மீதி சொன்னார்: “இவனுக்கு நோன்பு துவான். பொண்டாட்டிக்கு ரெண்டு புள்ளை செத்துப் பொறந்துச்சு. மூணாவதுக்காக இவன் கும்பிடுறான்.” தொரை சுருட்டை வாயிலிருந்து எடுத்தார். மழையில் அது எப்போதோ அணைந்துவிட்டிருந்தது. அவர் கோபம் விரதத்தின் மேல் இல்லை, பொய்யின் மேல் என்று எனக்குப் பட்டது. கடைசியில் கேட்டார்:

“பூசை எப்ப?”

“வர்ற வாரம் தொரை.”

“மறு ஆட்டம் அதுக்கு அப்பறம். பூசை வரைக்கும் தலை சாமிக்கு. அப்பறம் தலை எனக்கு.” விரலால் தன் நெஞ்சைத் தட்டிக் காட்டினார். “கோப்பை வரலே, நான் மேலே பேச முடியாது.”

பத்துமலைக்கு நாங்கள் எல்லாரும் ரயிலில் போனோம். மலையடிவாரத்தில் அவனுக்கு மொட்டை அடித்து, குளித்து, சந்தனம் பூசி, குடத்தைத் தலையில் ஏற்றினார்கள். சம்மட்டி தூக்குகிற அந்தக் கைகள் ஒரு சின்னப் பித்தளைக் குடத்தை முட்டையைப் பிடிப்பது போலப் பிடித்திருந்தன. அவன் மனைவி கீழே ஒரு மர நிழலில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். பாலை ஊற்றிவிட்டு வந்தவனை ஏற இறங்கப் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது, வாய் மட்டும் அடங்கவில்லை. “கவுத்து வச்ச சட்டி மாதிரி இருக்கு. வெயில்ல நிக்காதீங்க, யாராச்சும் எடுத்துட்டுப் போயிடப் போறாங்க.”

மறு ஆட்டம் கோலாலம்பூரிலேயே நடந்தது. விரதம் முடிந்தது, தலை திரும்பக் கிடைத்தது, இனி என்ன என்று நம் சனம் கும்மாளமாக வந்தது. எனக்கும் அந்த நினைப்புத்தான். ஆட்டம் தொடங்கிய சற்று நேரத்தில் புரிந்தது: கிள்ளான்காரர்கள் போன ஆட்டத்தை மறக்கவில்லை. எங்கள் சென்டரின் காலடியில் இரண்டு பேரை ஒட்டவைத்திருந்தார்கள். அவன் தண்ணீர் குடிக்கப் போனால்கூடக் கூடவே போவார்கள் போலிருந்தது. தரையில் இடமில்லை. சரி, மேலே தூக்கினேன், வெகு நாளைக்குப் பிறகு. அவனும் ஆசையோடு எழும்பினான்.

முடி இருந்த தலைக்கும் முடி இல்லாத தலைக்கும் உள்ள வித்தியாசம் எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை பாருங்கள். வியர்வையில் வழவழத்த மொட்டையில் பந்து பட்டதும் வழுக்கிக்கொண்டு வெளியே, கிள்ளான் கூட்டத்துக்குள்ளேயே போய் விழுந்தது. 

“டேய் மொட்டை, எண்ணெய் தேய்ச்சுக் குளிச்சுட்டு வந்தியா?” 

“மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடறானுங்கடா இவனுங்க!”

அவனே சிரித்துவிட்டான். மறுபடி தூக்கினேன். இந்தத் தடவை பந்தின் வாயைக் கட்டியிருக்கிற தோல் வார் உச்சந்தலையைக் கீறி, இரத்தம் வந்தது. தொரை ஓரத்திலிருந்து “தலை! தலை!” என்கிறார். தூக்குவதற்காக நான் மூன்றாவது தடவை காலைப் பின்னுக்கு இழுத்தபோது அவன் என் பக்கம் ஓடிவந்தான்.

“மச்சான், தூக்காதே. தலை எரியுது, பந்தும் நிக்கல.”

“கீழே இடமில்லையேடா! ரெண்டு பேரு ஒட்டிக்கிட்டு நிக்கறான்.”

“ஆமா. எனக்குத்தான் இடமில்லை. நான் எங்க போனாலும் ரெண்டு பேரும் வர்றானுங்க.” மூச்சு வாங்கினான். “நான் அந்தப் பக்கமா போறேன். நீ இந்தப் பக்கம் பாரு.”

“நீ கோல் போடலைன்னா தொரை…”

“கோப்பை வேணுமா வேண்டாமா?” என்று கேட்டுவிட்டு, வலது ஓரத்துக்கு ஓட ஆரம்பித்தான். சும்மா ஓடவில்லை. பந்து தனக்குத்தான் வரப்போகிறது என்பது போலக் கையைத் தூக்கிக்கொண்டு, “இங்க! இங்க!” என்று கத்திக்கொண்டு ஓடினான். இருவரும் பின்னாலேயே ஓடினார்கள். நடுவில் ஒரு வாசல் திறந்தாற்போல இடம் பிறந்தது. அந்த இடத்தில் பந்தைத் தட்டி வைத்தேன். இடது ஓரத்திலிருந்து மலாய்க்காரர் காற்றைப் போல உள்ளே நுழைந்தார். கோல்காரனுக்கு அவர் முகத்தைப் பார்க்கவே நேரமில்லை.

அந்த ஒரு கோல்தான். ஜெயித்துவிட்டோம். எல்லாரும் மலாய்க்காரரைத் தோளில் தூக்கிக்கொண்டார்கள். எங்கள் சென்டர் வலது மூலையில் தனியாக நின்று, துண்டால் தலையை ஒற்றிக்கொண்டிருந்தான். நான் அவனிடம் போகும்போதே தொரையும் அங்கே வந்தார்.

“நீ கோல் போடலே,” என்றார்.

நான் எனக்குத் தெரிந்த இங்கிலீஷையெல்லாம் திரட்டிக்கொண்டு விளக்க வாயைத் திறந்தேன். தொரை கையைக் காட்டி என்னை நிறுத்தினார். 

“ரெண்டு ஆள் இழுத்துப் போனான். நான் பார்த்தேன். நானும் முழங்கால் போற வரைக்கும் ஆடினவன். எனக்குக் கண்ணு இருக்கு.” அவன் தலையைப் பார்த்து முகத்தைச் சுளித்தார். “மருந்துக்காரன்கிட்ட போ.”

“அந்தாளு வேண்டாம் தொரை!” என்று அவன் அலறியதில் தொரை முதல் தடவையாக எங்கள் முன்னால் சிரித்தார்.

அந்த மாதம் ஆள் குறைப்பு வந்தது. எங்களைத் திட்டிக்கொண்டே ஆட்டம் பார்க்கிற பெரியவரும் அதில் போனார். அவருக்கு உதைக்கத் தெரியவில்லை, முதுகு வளைக்க மட்டும்தான் தெரியும். அதை நினைத்தால் கோப்பை எனக்கு முழுசாக இனித்ததில்லை. எங்கள் சென்டரை யாரும் தொடவில்லை.

பங்குனியில் அந்தப் பெண்ணுக்கு வலி கண்டது. பட்டண ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். நானும் அவனும் வெளி வராந்தாவில் நின்றோம். நர்ஸ் அம்மா கதவைத் திறந்து, “பொம்பளப் புள்ளை,” என்றார். அவன் ஆணா பெண்ணா என்பதைக் காதிலேயே வாங்கவில்லை.

“அழுதுச்சா?” என்றான்.

“என்ன கேக்கறீங்க?”

“அழுதுச்சாம்மா?”

அந்த அம்மா கதவை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டார். உள்ளே அந்தப் பிள்ளை வராந்தாவே அதிர அழுதுகொண்டிருந்தது. அவன் சுவரில் கையை ஊன்றி நின்றுவிட்டான். அம்மாவின் வாய் அப்படியே வந்திருக்கிறது என்று நான் ஏதோ சொன்னேன், அவனுக்குக் கேட்டிருக்காது.

கதையை இங்கே நிறுத்தினால் நன்றாக இருக்கும். ஆனால் அடுத்த வருஷம் தொரை சீமைக்குத் திரும்பிவிட்டார். அவர் இடத்துக்கு வந்தவருக்குப் பந்தில் நாட்டமில்லை. சம்மட்டிக்காரர்கள் வேண்டிய அளவுக்கு மேல் இருக்கிறார்கள் என்றார். மறு பங்குனிக்குள் எங்கள் சென்டருக்கும் கப்பல் வந்துவிட்டது. பித்தளை தேய்க்க நான் ஒருவன்தான் மிஞ்சியிருந்ததால் நான் தப்பினேன். வேறு பெருமை ஒன்றும் இல்லை.

கிள்ளான் துறைமுகத்துக்கு நானும் மலாய்க்காரரும் வழியனுப்பப் போனோம். பிள்ளைக்குப் பல் வந்துவிட்டது. கண்டதைக் கடித்துக்கொண்டு அப்பன் இடுப்பில் இருந்தது. நான், “கோப்பை ஜெயிச்சும் ஒரு வருஷம்தானேடா கிடைச்சுது,” என்றேன்.

அந்தப் பெண் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். “ஒரு வருஷம்னு சாதாரணமா சொல்றீங்க அண்ணே. அந்த வருஷத்துலதானே இவ பொறந்தா? நாங்க வர்றப்ப ரெண்டு பேரு, போறப்ப மூணு பேரு. நீங்கதான் வந்தப்பவும் ஒண்ணு, இன்னும் ஒண்ணு. யாரையாச்சும் பார்த்துக் கட்டிக்குங்க, ரோட்டுக்கடைச் சோறு குடலை அரிச்சிடும்.”

அவன் சிரித்தான். பிள்ளையை என் கையில் ஒருதரம் கொடுத்து வாங்கிக்கொண்டான். பிறகு வரிசை நகர்ந்தது, அவர்களும் நகர்ந்தார்கள்.

அடுத்த வாரம் எங்கள் குழுவுக்குப் புது சென்டர் வந்தான். குட்டை ஆள், இடது காலால் ஆடுகிறவன். மூட்டை தூக்குகிற வேலையிலிருந்து வந்தவன். நிற்கும்போது ஒரு தோள் தாழ்ந்திருக்கும், ஓடத் தொடங்கும்போது அந்தப் பக்கமாகவே சாய்வான். நான் பிறகு வெகு காலம் ஆடினேன், எத்தனையோ சென்டர்களுக்குப் பந்து கொடுத்தேன். ஒவ்வொருவனையும் புரிந்துகொள்ள ஒரு காலம் பிடிக்கும். புரிந்துகொண்ட கொஞ்ச நாளில் அவன் போய்விடுவான். அந்தக் குட்டை ஆளுக்கு முதல் நாள் பயிற்சியில் நான் ஒரு பந்தும் கொடுக்கவில்லை. “என்ன அண்ணே, நமக்கு ஒண்ணும் தர மாட்டீங்களா?” என்று கேட்டான். “இரு தம்பி, நீ எப்படி நிக்கறேன்னு பார்த்துக்கறேன்,” என்றேன்.